கல்லறைமேல் தைத்த பெயர்

மேபிள் மரங்கள் தீப்பற்றியன போல் சிவந்து நிற்க, அறுவடை முடிந்த புகையிலைக் கொல்லைகளின்மேல் முன்பனி மெல்லாடையென விரிந்து கிடக்க, கனெட்டிகட் ஆறு இரு கரைகளையும் வருடியபடி எவர்க்கும் நில்லாது தெற்கே ஒழுகிய ஒரு முற்பகலில், லெனோரா விட்கம் என்னும் கலைவரலாற்று ஆய்வாளர் தம் சிற்றுந்தை டட்டில் வீட்டு வாயிலில் நிறுத்தினார்.

கற்றறிந்தீர், இருபது ஆண்டுகளாக அவர் ஆய்ந்து வந்தவை, முந்தைய தலைமுறைகளின் இளம்பெண்கள் பட்டின்மேல் ஊசியால் வரைந்த இரங்கல் ஓவியங்கள்: வில்லோ எனப்படும் தாழ்ந்து தொங்கும் அலரிமரம், தாழி சுமந்த கல்லறை, அதன்மேல் சாய்ந்தழும் நங்கை. அவை யாவும் ஆசிரியை வரைந்து கொடுத்த பள்ளிப் பாடங்களே, அவற்றுள் துயர் தேடுவார் ஏமாறுவர் என்பது அவர் முடிபு. அம்முடிபைத் தாங்கிய நூல் அச்சேறக் காத்திருந்தது. அவர் இன்னும் காணாது எஞ்சிய ஓர் ஓவியம் இவ்வீட்டில் இருந்தது.

அதற்கு உரியவர் ஓர்ப்பா டட்டில். அகவை அறுபதைக் கடந்தவர், மணஞ்செய்யாதவர், ஆறு கறவைகளைத் தனியே பேணுபவர், கிறித்தவத் திருக்கோயில் விற்பனைக்கு ஒட்டுத்துணிப் போர்வைகள் தைப்பதில் இணையற்றவர். ஆயிரத்தெண்ணூற்று ஒன்பதில் மீன்பிடிக்கச் சென்று ஆற்றில் மாண்ட எல்நாத்தனுக்காக, அவன் தமக்கை கெசையா அழுதழுது தைத்தது அவ்வோவியம் என அக்குடியினர் வழிவழியாகச் சொல்லி வந்தனர்.

“சட்டத்தைக் கழட்டுங்க, ஆனா நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்,” என்றார் ஓர்ப்பா. “படிச்சவங்க கைய நான் நம்ப மாட்டேன், புரொபசரம்மா. ஊசி பிடிச்ச கையா தெரியல.”

“பொத்தான் தைக்கத் தெரியும்,” என்று சிரித்தார் லெனோரா.

“அதான் ஒண்ணு தொங்குதே, உங்க கோட்டுல.”

மங்கிய கண்ணாடி அகன்றது, பின்பலகை நீங்கியது. பலகையின் உட்புறம் ஒட்டிய தாளில், பள்ளியாசிரியையின் செவ்விய கையெழுத்து: கெசையா டட்டில், அகவை பதினான்கு, ஆயிரத்தெண்ணூற்று ஆறு.

“தம்பி சாகறதுக்கு மூணு வருசம் முன்னால,” என்றார் லெனோரா. தாம் எண்ணியதே மெய்யான நிறைவு அவர் குரலில் ஒலித்தது.

ஓர்ப்பா குனிந்து அத்தாளைத் தாமே படித்தார். “அப்ப அவ அழுதது பொய்யா? வருசா வருசம் கோயில்ல நான் எந்திரிச்சு நின்னு சொன்னேனே, அதெல்லாம்?”

“பொய்யின்னு சொல்லல. பள்ளிக்கூடத்துல குடுத்த வேலை. அப்ப எல்லாப் பொண்ணுங்களும் செஞ்சாங்க.”

ஓர்ப்பா எழுந்துபோய், கழுவிய கோப்பைகளையே மீண்டும் கழுவினார். பின்பு, போர்வை தைக்கும்போது அணியும் தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, கேளாமலே பட்டைப் புரட்டி, முன்னும் பின்னுமாய் விரல்நுனி தையலில் படாமல் நோக்கினார்.

“இங்க வாங்க. மரத்தோட பின்பக்கம் பாருங்க, ஒரு முடிச்சு கிடையாது. அப்படி வேலைக்காரி. கல்லறை மேல பேரு மட்டும் ஏன் இப்படிக் கோணிக்கிட்டுப் போவுது? பின்னால பூரா முடிச்சு. இது பட்டு நூலே இல்ல.”

லெனோரா உருப்பெருக்கியை எடுத்தார். எல்நாத்தன் என்னும் பெயர் முழுதும் பழுப்பு நிறத் தலைமயிரால் தைக்கப்பட்டிருந்தது. இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை இழை அற்று, முடிச்சிட்டு, மீண்டும் தொடங்கியிருந்தது.

“பேருக்குன்னு விட்ட எடம் மூணு வருசம் காலியா இருந்துச்சு,” என்றார் ஓர்ப்பா தணிந்த குரலில். “அப்புறம் தேவைப்பட்டுச்சு. கையி சொன்னபடி கேக்கல.”

“யாரோட முடின்னு தெரியலையே. அவளோடதா, அவனோடதா?”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”

ஆய்வாளரின் கண்கள் ஈரமாயின என்று உரைப்பின் அது மிகை. குறிப்பேட்டைத் திறந்து, ஓவியத்திற்குரிய ஆண்டை எழுதத் தொடங்கி நடுவில் நிறுத்தினார் என்பதே உண்மை.

“ரெண்டையும் போடுங்க,” என்றார் ஓர்ப்பா. “படம் பதினாலு வயசுல. பேரு பதினேழுல.”

அவ்வாறே எழுதப்பட்டது. மறுவாரம் அச்சகத்திற்கு ஒரு மடல் சென்றது. முன்னுரையில் துயர் தேடுவாரைப் பற்றிய வரி நீக்கப்பட்டது. நூல் வெளிவந்தபோது அவ்விடம் இடைவெளி தெரியாதவாறு செப்பமாகவே இருந்தது. கற்பிக்கப்பட்ட அழுகையைக் குற்றமின்றித் தைத்த அக்கைகள், தமக்கென அழ நேர்ந்த நாளில் ஒரு பெயரை நேராகத் தைக்க மாட்டாமல் தளர்ந்தன; அத்தளர்ச்சியை அலரியின் நிழலில் அப்பட்டு இன்னும் தாங்கி நிற்கின்றது.