இருபத்தொன்பதின் பாய்லர்

அந்த வட்டார ரயில்வேயில் நீராவிக் காலம் முழுவதும் ஓடியவை மொத்தம் நாற்பத்தோரு இன்ஜின்கள். அவற்றின் வரலாற்றை எழுதும் வேலை, படவரைவுப் பிரிவில் வரைவாளராக இருந்த ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தது. பாதைக்கு நூறு வயது ஆகப்போகிறது, ஒரு புத்தகம் போட வேண்டும் என்று மேலே முடிவெடுத்தார்கள். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருப்பவர், வேலையில் சுத்தமானவர், எதிர்த்துப் பேசாதவர் யார் என்று கீழே தேடினார்கள். மூன்றாவது தகுதியில் அவர்கள் ஏமாந்துபோனது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு எழுதிப் பழக்கமில்லை. படம் வரைவது போலவே இதையும் செய்தாள். ஒரு இன்ஜினுக்கு ஒரு தாள். செய்த கம்பெனி, வந்த வருடம், சக்கரத்தின் விட்டம், எடை, ஓடிய பாதை, உடைத்த நாள். முதலில் வந்த மூன்றும் குட்டி இன்ஜின்கள். சத்தம் அதிகம், இழுவை குறைவு. தொழிலாளர்கள் அவற்றுக்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தார்கள். மேட்டுப் பாதைக்கென்று வாங்கிய கனமான இரண்டுக்கும் பெயர் மாமியார். எந்நேரமும் புகைச்சல், இறக்கத்திலும் முனகல். பட்டப்பெயர்களுக்கென்று அவள் தாளில் தனியாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் இன்ஜினின் தாளில் கடைசிக் கட்டத்தை நிரப்புவது சுலபம் என்றுதான் நினைத்தாள். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது அதன் பாய்லர் வெடித்தது. ஃபயர்மேன் அந்த இடத்திலேயே இறந்தார். டிரைவர் சற்று நேரம் உயிரோடு இருந்து பிறகு இறந்தார். பாய்லரில் தண்ணீர் வற்ற விட்டது டிரைவரின் கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்த டிரைவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்களாம். இருபத்திரண்டு வருட வேலையில், அனுமதித்த வேகத்தை ஒரு நாளும் தாண்டாதவர். பயணிகள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

வெடிப்புக்குப் பிறகு எடுத்த புகைப்படங்கள் மூன்று கிடைத்தன. எது அச்சில் தெளிவாக வரும் என்று பார்ப்பதற்காகத்தான் அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். சக்கரங்கள் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன. பாய்லர் நாற்பது அடி தள்ளி வயலில் விழுந்திருந்தது. பாய்லரின் முதுகில் கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி ஒரு கும்மட்டம் இருக்கும். இருபத்தொன்பதின் வகையில் அது டிரைவர் நிற்கும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வகையின் வரைபடத்தை அவளே பிரதியெடுத்திருக்கிறாள். புகைப்படத்திலோ கும்மட்டம் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தது. அது அதற்கு முந்தைய வகை இன்ஜின்களின் பாய்லர்.

மறுநாள் பட்டறையின் பதிவேட்டு அறைக்குப் போனாள். இன்ஜின் பதிவேடுகளில் ஒன்றும் இல்லை. பதிவேட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"இன்ஜின் நம்பரை வெச்சுத் தேடினா கிடைக்காதும்மா. ஒண்ணோட பாய்லரைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டுவாங்க. பாய்லருக்கு அது பேர்லயே தனிப் புக்கு இருக்கு. அதை யாரும் கேட்டதில்ல."

அந்தப் புத்தகத்தில் முந்தைய வகைப் பாய்லர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பதினான்காம் இன்ஜினின் பாய்லருக்கு இரண்டு பக்கம் இருந்தது. நெருப்புப் பெட்டியின் தகடுகளைப் பிடித்து நிறுத்தும் ஸ்டே கம்பிகள் பல தேய்ந்துவிட்டன, மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி. அடுத்த வரி, 'இருபத்தொன்பதில் பொருத்தப்பட்டது.' வெடிப்புக்குப் பதினோரு வாரம் முந்தைய தேதி. கீழே பாய்லர் பட்டறை போர்மேனின் கையெழுத்து. அது யாருடையது என்று அவள் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய திருமணப் பதிவில் மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியாக இருப்பதும் அதே கையெழுத்துதான்.

அன்று சாயங்காலம் மாமனார் சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. ஒவ்வொரு துண்டும் அளவெடுத்த மாதிரி விழுந்தது. அவள் கைப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, இருபத்தொன்பதுல பதினாலோட பாய்லரை மாட்டினீங்களா?"

கத்தி நின்றது. "யார் சொன்னா?"

"போட்டோவுல கும்மட்டம் இடம் மாறியிருக்கு. புக்குல உங்க கையெழுத்து இருக்கு."

அவர் இன்னும் இரண்டு பீன்ஸை நறுக்கினார்.

"கூட்டமான சீசன். இன்ஜின் உடனே வெளிய போயாகணும்னு மேனேஜர் தலைமேல நின்னார். அதோட பாய்லருக்குக் குழாய் மாத்துற வேலை முடியல. பதினாலோடது கைவசம் இருந்துது. சீசன் முடியிற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

"விசாரணையில இதைச் சொன்னீங்களா?"

"இருபத்தொன்பதோட பாய்லர் எப்படின்னு கேட்டாங்க. மூணு வருஷந்தான் ஆச்சு, நல்ல பாய்லர்னேன். பொய் இல்லம்மா. அது நல்லபடியா பட்டறைத் தரையில கெடந்துது."

அவளுக்கு அது புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"மேனேஜர் பக்கத்து நாற்காலியிலயே உக்காந்திருந்தார்," என்றார் அவர். "உன் வீட்டுக்காரன் அப்பதான் காலேஜ்ல சேர்ந்திருந்தான். இதெல்லாம் சாக்குன்னு எனக்கும் தெரியும்."

நறுக்கியதைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

கணவருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் குரல் தணிகிற ஜாதி அவர்.

"அப்பாவுக்கு என்ன வயசுன்னு உனக்குத் தெரியும். இப்பப் போய்க் கிளறணுமா? நாப்பத்தோரு இன்ஜின்ல ஒண்ணுக்கு ஒரு வரி குறைஞ்சா குடி முழுகிப் போயிடாது."

"அந்த டிரைவர் வீட்டுக் குடி முழுகித்தான் போச்சு."

"உனக்குப் புகுந்த வீட்டைவிட இன்ஜின் பெருசாப் போச்சு."

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் சாவி எங்கே, பால் வந்ததா என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

டிரைவரின் மனைவி எப்போதோ இறந்துவிட்டிருந்தாள். ஒரே மகள் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பதாகப் பழைய ஊழியர் ஒருவர் சொன்னார். வரைவாளர் போனபோது கடையில் மூன்று பேர் நின்றார்கள். மகளுக்கு நாற்பத்தேழு வயதிருக்கும். கண்ணாடிப் பலகைக்குப் பின்னாலிருந்து மருந்துச்சீட்டை வாங்குவதும் அட்டைகளைக் கத்தரிப்பதுமாக இருந்தாள். வரைவாளர் புகைப்படத்தைப் பலகைமேல் வைத்து, கும்மட்டத்தைக் காட்டி, பதிவேட்டு வரிகளைச் சொன்னாள். மகள் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஸ்கூல்ல என்னைக் கேலி பண்ணுவாங்க," என்றாள். "எல்லார் கதையிலயும் முயல்தான் தூங்கும், உங்க வீட்டுக் கதையில மட்டும் ஆமை தூங்கிடுச்சுன்னு. எங்கம்மா கடைசி வரைக்கும் ரயில் ஏறல. கையெழுத்துப் போட்டவர் யாரு?"

"என் மாமனார்."

ஒரு பெரியவர் இருமல் மருந்து கேட்டார். மகள் எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மூடி என்று சொல்லி அனுப்பினாள்.

"இருக்காரா?"

"இருக்கார். எங்களோடதான்."

"நீங்க எதுக்கு வந்தீங்க? மன்னிப்புக் கேக்கவா?"

"இல்ல. மன்னிப்பு நான் கேக்க முடியாது. புத்தகத்துல வரப்போகுது. அச்சுல பார்க்குறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

மகள் கத்தரிக்கோலை மூடி வைத்தாள். "நீங்க கண்டுபிடிச்சதா வேணாம். நாளைக்கு எவனாவது வந்து போட்டோ தப்பு, புக்கு தப்புன்னுவான். அவர் சொன்னதா வரட்டும். அவர் வாயால."

வரைவாளர் வீட்டுக்கு வந்து இதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மாமனாரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். நான்கு நாள் கழித்து, காலைக் காபி குடித்த கையோடு, "எழுதிக்கோ," என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. மேனேஜர் வற்புறுத்தியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தேய்ந்த ஸ்டே கம்பிகளின் எண்ணிக்கையை அவள் தவறாக எழுதியிருந்தாள். அதைத் திருத்தச் சொன்னார். அடியில் கையெழுத்துப் போட்டார்.

விளம்பரப் பிரிவு அதிகாரி அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். நூற்றாண்டு மலரில் இதற்கு இடமில்லை, விசாரணை முடிந்தது முடிந்ததுதான் என்று ஓரத்தில் குறிப்பு. அவள் அவரை நேரில் போய்ப் பார்த்தாள். இதை எடுத்தால் தன் பெயரையும் நாற்பத்தோரு தாள்களையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அதிகாரி சிரித்தார். யோசிக்கிறேன் என்றார்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது கணவரும் இருந்தார். மறுநாள் அவள் அலுவலகம் கிளம்பும்போது மாமனார் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முழங்கால் வலியால் அந்த இரண்டு மாடிப் படிகளை அவர் இறங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவர் ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடி எடுத்து வந்து, அவர் காலருகில் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அதிகாரியின் அறையில் மாமனார் உட்கார மறுத்துவிட்டார்.

"அன்னைக்கு உக்காந்துக்கிட்டுத்தான் பதில் சொன்னேன்," என்றார். "இது என் வாக்குமூலம். நீங்க போடலைன்னா பத்திரிகைக்காரங்க போடுவாங்க. எது உங்களுக்கு வசதி?"

அதிகாரி தண்ணீர் வரவழைத்தார். 'போர்மேனின் கூற்றுப்படி' என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. புத்தகம் அறுபத்திரண்டாம் பக்கத்தில் அந்தச் சொற்களோடு வெளிவந்தது. விழாவுக்கு மருந்துக்கடைக்காரி வரவில்லை. ஆள் அனுப்பி இரண்டு பிரதி வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வீடு தேடி வந்தாள். கதவைத் திறந்தது கணவர். யாரென்று தெரிந்ததும் வழிவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். மாமனார் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் கையமர்த்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உடைஞ்ச இன்ஜினைத் தூக்கப் போன வண்டியில நீங்களும் வந்தீங்கன்னு எழுதியிருக்கு," என்றாள். "அப்ப எங்கப்பாவுக்கு உயிர் இருந்துதா?"

"இருந்துதும்மா."

"ஏதாவது சொன்னாரா?"

வரைவாளர் மாமனாரைப் பார்த்தாள். ஒன்றரைப் பக்கத்தில் இது இல்லை.

"சொன்னார்," என்றார் அவர். "கண்ணாடியில தண்ணி முக்கால் இருந்துதுன்னார். ரெண்டு தடவை சொன்னார். டிரைவருக்குத் தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடி அது. முக்கால் இருந்தா நல்ல தண்ணி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியும்னேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்னு சொன்னதும் கண்ணை மூடிக்கிட்டார். நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னு நெனச்சிருப்பார்."

மருந்துக்கடைக்காரி அழவில்லை. கைக்குட்டையை எடுத்து மடித்து மறுபடி பையில் வைத்தாள். வரைவாளர் கொண்டுவந்த காபியைப் பாதி குடித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று வரைவாளரிடம், "அந்த முக்கால் புத்தகத்துல இல்லையே," என்றாள்.

"இல்ல. இன்னைக்குத்தான் எனக்கும் தெரியும்."

புத்தகம் அச்சாகிவிட்டதால் உள்ளே ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் முந்நூறு பிரதிகளில் பாதிக்குமேல் அலுவலகத்தில் அப்படியே இருந்தன. அவற்றில் வைப்பதற்குப் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. எட்டாம் இன்ஜினின் சக்கர விட்டம் தவறு. ஒரு படத்தின் தலைப்பு இடம் மாறிவிட்டது. ஒரு கம்பெனியின் பெயரில் எழுத்துப்பிழை. நான்காவதாக அவள் ஒரு வரியைச் சேர்த்தாள்: 'பக்கம் 62, கடைசி வரிக்குப் பின் சேர்த்துப் படிக்கவும்: வெடித்தபோது கண்ணாடியில் தண்ணீர் முக்கால் மட்டம் இருந்ததாக டிரைவர் இறக்கும் முன் போர்மேனிடம் கூறினார்.' இதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சீட்டுகளை மதிய இடைவேளைகளில் தானே உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினாள். விற்றுப்போன பிரதிகளில் அந்த வரி கிடையாது.