அறையில் இன்னொருத்தர்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே ஒத்துக்கறேன், வேற யாராவது சொன்னாத்தான் கோபம் வரும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்றாங்களே, அதைச் சொன்ன மகராசனைக் கூட்டிட்டு வாங்க, நாலு கேள்வி கேக்கணும். நாற்பத்தாறு வயசுல என் பிழைப்புல மண்ணள்ளிப் போடப் பாத்ததே இந்த வாய்தான்.

பெங்காலிக்காரங்க ஊர்ல, கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷமா வேலை பாக்கறேன். கப்பல்ல வர்ற கன்டெய்னர் நம்பரையெல்லாம் ஒரு லிஸ்ட்டுல பாத்து இன்னொரு லிஸ்ட்டுல ஏத்தணும். நாலு எழுத்து, ஏழு எண். அதுல ஒண்ணு மாறிப் போச்சுன்னா பெட்டி ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம்னு அலையும். ஏழு பேர் பண்ணிட்டிருந்தோம். பூஜா லீவு முடிஞ்சு வந்து பாத்தா அந்த வேலையை ஒரு சாஃப்ட்வேர் பண்ணுது. பாட்னு பேராம். நாங்க நாள் பூரா பண்றதை இருபது நிமிஷத்துல முடிச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கு. ஒரு டீ கூடக் கேக்கல, சனியன்.

மேனேஜர் சுபங்கர்-தா எங்களை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மார்ச்சோட எங்க செக்‌ஷன் கிடையாது. அந்த பாட்டை எழுதறதுக்கும் பழுது பாக்கறதுக்கும் ரெண்டே ரெண்டு சீட்டு. ஆட்டோமேஷன் சர்டிபிகேட் பரீட்சை பாஸ் பண்றவங்களுக்குத்தான் அது. மத்தவங்களுக்கு மூணு மாசச் சம்பளமும் ஒரு நமஸ்காரமும்.

"வசு-தி, உங்களுக்கு இந்த வயசுல இதெல்லாம்..." அப்படின்னு இழுத்தார். இங்க பேரோட தி சேத்தா அக்கா, தா சேத்தா அண்ணன்.

"எழுதறேன்"னேன். அவர் இழுத்தது எனக்குப் பிடிக்கல.

எழுதறேன்னு வீறாப்பா சொல்லியாச்சு. வீட்டுக்கு வந்து பாடத்தைத் திறந்தா கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துது. அப்புறம் எப்படிப் படிச்சேன்னு கேளுங்க. நீலாவுக்குச் சொல்லிக் குடுத்துக் குடுத்துப் படிச்சேன்.

நீலாவதியைப் பத்திச் சொல்லணும். டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டாவது மாடியில ஒரு ரூமும் ஒரு சமையக்கட்டும். அதுல அவளும் நானும் பதினாலு வருஷம் குடியிருந்தோம். அவ அரக்கோணத்துக்காரி, சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீஸ் வேலையில மாத்தலாகி இங்க வந்தவ. நான் கிடர்பூர் போர்ட் குவார்ட்டர்ஸ்லயே பொறந்து வளந்தவ. என் தமிழைக் கேட்டு முதல் நாள் விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாத் திருத்தினா. இப்ப நான் பேசற தமிழ்ல பாதி அவ போட்டது. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல. எனக்கு அமையல, அவளுக்கு அவசரமில்ல. இப்படியே காலம் போயிடும்னு நெனச்சிருந்தப்போ, நாற்பத்தஞ்சு வயசுல அவளுக்குச் சேலத்துல ஒரு வரன் வந்துது. நல்ல மனுஷர், மனைவியை இழந்தவர். அவ ஒரு மாசம் தயங்கினா. "போடி, போய் நல்லா இரு"ன்னு நான்தான் சொன்னேன். மனசு சொல்லல, வாய் சொல்லுச்சு.

ரெண்டு வருஷமாச்சு. முதல்ல தினமும் போன். அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும். அப்புறம் காலையில ஒரு ரோஜாப்பூ படம், அதுக்குக் கீழ காலை வணக்கம். அவ மேல கோபமான்னு கேட்டா, ஆமாம், கோபம்தான். நிறைய இருக்கு.

ஆனா பேச்சு நிக்கல. தெருவுல பெங்காலி, ஆபீஸ்ல ஹிந்தியும் இங்கிலீஷும். நாள் பூரா பேசறேன், ஒரு வார்த்தை தமிழ் கிடையாது. தமிழ் பேசணும்னா வீட்டுக்குத்தான் வரணும். வீட்ல யார் இருக்கா? அதனால நீலா இருக்கற மாதிரியே பேச ஆரம்பிச்சேன். பூட்டைத் திறக்கும்போதே, "அடியே நீலா, இன்னிக்கு பஸ்ல என்ன கூட்டம் தெரியுமா"ன்னு தொடங்கிடுவேன். பைத்தியம்னு நெனச்சுடாதீங்க. அவ இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன். பதினாலு வருஷம் கூட இருந்தவ என்ன பதில் சொல்வான்னு தெரியாதா? அந்தப் பதிலும் மனசுல தானா வந்துடும். கீழ்வீட்டு பௌதி, பௌதின்னா அண்ணி, வீட்டுக்காரரோட சம்சாரம், ஒரு நாள் மாடிப்படியில நிறுத்திக் கேட்டாங்க, "மேல பேச்சுச் சத்தம் கேக்குதே, நீலா வந்திருக்காளா?" போன்ல பேசினேன்னு புளுகினேன்.

பாடத்தையும் அப்படித்தான் படிச்சேன். நீலாவுக்குக் கம்ப்யூட்டர்னா ஆகாது. அவளுக்குப் புரியற மாதிரி சொன்னா எனக்குப் புரிஞ்சுதுன்னு அர்த்தம். எனக்கு எதிர்ல காலியாக் கெடக்கற அவ கட்டிலைப் பாத்து உக்காந்து, "இப்ப பாட் ஒரு பட்டனைத் தேடுது, அந்தப் பட்டன் ஸ்கிரீன்ல வரல, என்னடி பண்ணும்?" அப்படிம்பேன்.

"வரலன்னா வரல. வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" அப்படிம்பா.

"உடனே போகக் கூடாதுடி. கொஞ்சம் காத்திருக்கணும். மறுபடி தேடணும். எத்தனை தடவை தேடணும்னு நாம முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும். இல்லன்னா அது பாட்டுக்கு நாள் கணக்குல தேடிட்டு நிக்கும். மூணு தடவை தேடியும் வரலன்னா, வரலன்னு எழுதி வெச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கணும்."

"பாவம்டி அது"ம்பா. ரெண்டு பேரும் சிரிப்போம். சரி, நான் சிரிப்பேன்.

பரீட்சை ஒரு ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு. வீட்டுலயே லேப்டாப்ல எழுதலாம். ஆனா எங்கேயோ உக்காந்து ஒருத்தன் கேமரா வழியா நம்மளையே பாத்துட்டிருப்பான். அவன்தான் கண்காணிப்பாளர். ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது. பேசக் கூடாது. மூணு எச்சரிக்கை, அதோட பரீட்சை ரத்து. இதைப் படிச்சுட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? யாரும் இருக்கக் கூடாதாம், இந்த வீட்ல அது ஒண்ணுக்குத்தான் குறைச்சலே இல்லைன்னு.

அஞ்சாவது கேள்வியில முதல் எச்சரிக்கை வந்துது. உங்கள் உதடு அசைகிறது, சத்தமாகப் படிக்க வேண்டாம். சரின்னு வாயை இறுக்கி மூடினேன். இருபதாவது கேள்வியில ரெண்டாவது. யாருடன் பேசுகிறீர்கள், அறையைக் காட்டுங்கள். லேப்டாப்பைக் கையில தூக்கிட்டு ரூமைச் சுத்தினேன். கட்டிலுக்கு அடியில காட்டுன்னான், காட்டினேன். பீரோவுக்குப் பின்னால, கதவுக்குப் பின்னால, எல்லாம் காட்டினேன். இன்னொரு கட்டில் இருக்கிறதே, அது யாருடையதுன்னு கேட்டான். மெத்தை இல்லாத கட்டில், மேல தேச்ச துணி அடுக்கி வெச்சிருக்கேன். கூட இருந்தவ, போயிட்டான்னு டைப் பண்ணினேன். ஒரு அந்நியனுக்கு என் வீட்ல யாருமே இல்லன்னு மூலை மூலையா நிரூபிச்சுக் காட்டினேன். அவமானமா இருந்துது. அழுகையும் வந்துது.

நாற்பத்தோராவது கேள்வி. படிச்சேன். பாட் தேடும் பட்டன் திரையில் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

"அடியே நீலா, உன் கேள்வி வந்திருக்குடி!"

அவ்வளவுதான். ஸ்கிரீன் மூடிக்கிச்சு.

சாயங்காலம் மெயில் வந்துது. தேர்வர் ஒருவருடைய பெயரைச் சொல்லி அழைத்தார். அறையில் இன்னொரு நபர் இருந்ததாகச் சந்தேகம். தேர்வு ரத்து. ஆபீஸுக்கும் ஒரு நகல். திங்கக்கிழமை சுபங்கர்-தா என் முகத்தைப் பாக்காமலே, "யாரை வெச்சு எழுதினீங்க வசு-தி?"ன்னு கேட்டார். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நம்பர் மாத்திப் போட்டதில்ல நான். என்னைப் பாத்து இந்தக் கேள்வி. நான் தனியாப் பேசறவள்னு எப்படிச் சொல்றது? திருடின்னு நெனச்சாலும் நெனச்சுட்டுப் போகட்டும், அதைச் சொல்ல மாட்டேன்னு நின்னேன். கடைசியில, "படிக்கும்போது வாய்விட்டுப் பேசற பழக்கம்"னு மென்னு முழுங்கினேன். ஒரு சீட்டை ஏற்கெனவே பிரியங்கான்னு ஒரு பொண்ணு பாஸ் பண்ணி வாங்கிட்டா. மிச்சம் ஒண்ணு. "இன்னொரு தடவைதான். அதுக்கு மேல என் கையில இல்ல"ன்னார் சுபங்கர்-தா.

மூணு வாரம் இருந்துது. பாடம் எனக்குத் தெரியும். இந்த வாயை அடக்கணும், அவ்வளவுதான். டேப் ஒட்டிப் பாத்தேன், ஒட்டினதுக்குள்ளயே முணுமுணுக்குது. கிராம்பை அடக்கிப் பாத்தேன், கடிச்சுத் துப்பிட்டுப் பேசுது. அப்புறம்தான் தண்ணி தோணுச்சு. கண்ணாடி டம்ளர்ல தண்ணி வெச்சுக்கலாம்னு விதியிலயே இருக்கு. வாய் நிறையத் தண்ணி இருந்தா எப்படிப் பேசும்?

அன்னியிலிருந்து பூட்டைத் திறந்ததும் முதல் வேலை ஒரு வாய்த் தண்ணி. முழுங்கவும் மாட்டேன், துப்பவும் மாட்டேன். சமைக்கறது அப்படியே, படிக்கறது அப்படியே. முதல் வாரம் நீலான்னு ஆரம்பிச்சு மூக்குல ஏறி, இருமி, புத்தகமெல்லாம் தண்ணி. ரெண்டாவது வாரம் ஆரம்பிக்கத் தோணும், அடக்கிடுவேன். மூணாவது வாரம் அதுவும் தோணல. ஒரு நாள் பௌதி ஒரு கிண்ணத்துல பாயேஷ், நம்ம பாயசம்தான், எடுத்துட்டு மேல வந்தாங்க. "உடம்பு கிடம்பு சரியில்லையா? கொஞ்ச நாளா சத்தமே காணோமே?" கதவைத் திறந்த நான் வாயை உப்பிட்டு நிக்கறேன், பதில் சொல்ல முடியல. அவசரமா முழுங்கிட்டு, "பரீட்சை பௌதி"ன்னேன். நல்லா எழுதுன்னு தலையைத் தடவிட்டுக் கீழ போனாங்க. கதவைச் சாத்தினப்புறம்தான் கவனிச்சேன், வீடு எவ்வளவு அமைதியா இருக்குன்னு. பயமா இருந்துது. மறுபடி ஒரு வாய்த் தண்ணி ஊத்திக்கிட்டேன்.

ரெண்டாவது பரீட்சையும் ஞாயித்துக்கிழமைதான். அறையைக் காட்டுன்னான், காட்டினேன். கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால. இந்தத் தடவை அழுகை வரல. தண்ணியை வாயில வெச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு எச்சரிக்கை இல்ல. பதினேழாவது கேள்வியா அதே பட்டன் வந்துது. எத்தனை முறை தேடிய பிறகு நிறுத்த வேண்டும், யார் அதை முடிவு செய்ய வேண்டும்னு கொஞ்சம் மாத்திக் கேட்டிருந்தான். சரியான விடையை அழுத்தினேன். சிரிப்பு வரல. எதிர்ல கட்டில்ல துணி மட்டும் இருந்துது.

கடைசிக் கேள்வி முடிஞ்சு அரை நிமிஷத்துல பாஸ்னு வந்துது. நூத்துக்கு எண்பத்தொம்பது. தண்ணியை முழுங்கினேன். வெதுவெதுன்னு இறங்குச்சு. இப்ப யாரும் தடுக்க மாட்டாங்க, வாயைத் திறந்து "அடியே நீலா, பாஸ்டி!"ன்னு சொன்னேன். குரல் யாரோடதோ மாதிரி இருந்துது. பதிலுக்குக் காத்திருந்தேன். ஒண்ணும் வரல. என்ன சொல்லுவான்னு யோசிச்சுப் பாத்தேன், அப்பவும் வரல.

போனை எடுத்து நிஜ நீலாவையே கூப்பிட்டேன்.

"ஐயையோ, பாஸா! கலக்கிட்டடி வசு!" உண்மையாவே சந்தோஷப்பட்டா. பின்னால டிவி சத்தம், யாரோ தட்டு வைக்கற சத்தம்.

"உன் கேள்வி வந்துதுடி நீலா. ரெண்டு தடவையும்."

"என் கேள்வியா? நான் என்னடி கேட்டேன்?"

எனக்குப் பேச்சு வரல. வாய்ல தண்ணி கூட இல்ல.

"ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்"னேன். சாப்பாடு போடணும், சாயங்காலம் கூப்பிடறேன்னு வெச்சா.

திங்கக்கிழமை சுபங்கர்-தா சந்தேஷ் ஸ்வீட் வாங்கி எல்லாருக்கும் குடுத்தார். எனக்கு ஜன்னல் பக்கத்து மேஜை, புதுக் கம்ப்யூட்டர். இப்ப அந்த பாட் நான் சொன்னபடிதான் கேக்குது. பரீட்சைக்காரங்க மெயிலும் வந்துது. அறையில் வேறு யாரும் இல்லை, தேர்வு செல்லும்னு எழுதியிருந்தாங்க. சுபங்கர்-தா அதைக் காட்டி, "அந்தப் பழைய மெயிலை நான் அழிச்சுட்டேன் வசு-தி, நீங்களும் அழிச்சுடுங்க. எதுக்கு ஒரு கரும்புள்ளி?"ன்னார். தலையாட்டினேன்.

நான் அழிக்கல. இந்த வீட்ல என்னோட இன்னொருத்தர் இருந்தாங்கன்னு எழுத்துல சொன்னது அது ஒண்ணுதான்.