சளிக் குழாய்

பச்சைக் குழந்தைக்கு வாயால் மூச்சுவிடத் தெரியாது, மூக்கு அடைத்தால் அதோடு திண்டாட்டம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் ரேலீன் சொன்னாள். என் கணவன் கிளென்னின் அக்கா. எதைக் கேட்டாலும் தெரியும் என்பாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அதனாலேயே அவள் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வளைகாப்பு மாதிரி எனக்கு ஒரு விருந்து வைத்தார்கள். எல்லாரும் குட்டிக் காலுறையும் கம்பளித் தொப்பியும் கொண்டுவர, ரேலீன் மட்டும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினாள். உள்ளே மெல்லிய ரப்பர் குழாய். ஒரு முனையைக் குழந்தையின் மூக்கில் வைத்து, மறுமுனையை நாம் வாயில் வைத்துச் சளியை உறிஞ்சவேண்டுமாம்.

"நடுவுல பஞ்சு இருக்கு நெரிடா. வாய்க்கு ஒண்ணும் வராது. தொட்டிலும் தள்ளுவண்டியும் எல்லாரும் வாங்கிடுவாங்க, இத யாரும் வாங்க மாட்டாங்க. ஆனா ஒருநாள் இதுக்காக அலைவ, பாரு."

"சரி ரேலீன், ருசி எப்படி இருக்கும்னு சொல்லு, அப்புறம் யோசிக்கிறேன்" என்றேன். பாவ்லோவா கேக் வாயில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்து மூச்சுத் திணறினார்கள். ரேலீன் சிரிக்கவில்லை. பெட்டி சமையலறையின் மூன்றாவது இழுப்பறைக்குப் போனது. நூல்கண்டு, செத்த பேட்டரி, எதற்கென்றே தெரியாத சாவி எல்லாம் போய்ச் சேரும் இடம் அது.

என் பிள்ளை ஹாமிஷுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஓடை ஏறியது. எங்கள் பக்கம் ஒரு துளி மழை இல்லை. வடக்கே கொட்டிய தண்ணீர் நிதானமாக நடந்து வந்து பாதையை விழுங்கி, ஆட்டு வேலியையும் விழுங்கி, வீட்டு மேட்டுக்குக் கீழே பழுப்பாக நின்றது. மின்சாரம் போனது. எல்லா வருஷமும் நடப்பதுதான். ஃப்ரீசரில் இறைச்சி இருந்தது, கொட்டகையில் ஜெனரேட்டர் இருந்தது. நான் பயப்படவே இல்லை.

பயம் மறுநாள் மத்தியானம் வந்தது. காலையிலிருந்து ஹாமிஷுக்கு மூக்கில் கரகரவென்று சத்தம். பால் குடிக்க மார்பைப் பிடிப்பான், இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு வீறிடுவான். மறுபடி பிடிப்பான், முகம் கருஞ்சிவப்பாகும், கை இரண்டையும் விரித்து உதறுவான். நேரம் போகப்போக வீறிடுவதும் குறைந்தது. அழுகிற குழந்தையை எனக்குத் தெரியும். அழுவதற்குத் தெம்பில்லாமல் என்னையே பார்க்கிற குழந்தையை எனக்குத் தெரியாது.

மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நர்ஸ் ஒருத்தி எடுத்தாள்.

"உதட்டச் சுத்தி நீலமா இருக்கா கண்ணு?"

"இல்ல. இல்லன்னுதான் நினைக்கிறேன். இந்த வெளிச்சத்துல சரியாத் தெரியல."

"மூச்சு இழுக்கும்போது விலா உள்ள குழியுதா?"

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். "லேசா."

"போன அவன் மூக்குகிட்ட வைங்க." வைத்தேன். "மூக்குதான் அடைச்சிருக்கு, நெஞ்சு தெளிவாத்தான் கேக்குது. இந்த வயசுல வாயால மூச்சுவிடத் தெரியாது அவங்களுக்கு. உப்புத்தண்ணிச் சொட்டு விட்டு உறிஞ்சி எடுங்க. வாயில வெச்சு உறிஞ்சற குழாய் இருக்கா?"

"இருக்கு!" கிட்டத்தட்டக் கத்தினேன்.

"அப்பாடா. இப்பவே பண்ணுங்க. நான் ஹெலிகாப்டருக்கும் சொல்லி வைக்கிறேன். ஆனா கீழ ஊர்ல கூரை மேலேருந்து ஆளுங்கள எடுத்துட்டிருக்காங்க. எப்ப வருவாங்கன்னு வாக்குக் குடுக்க முடியாது."

மூன்றாவது இழுப்பறையை அப்படியே தரையில் கவிழ்த்தேன். பெட்டி இருந்தது. உள்ளே குழாயோடு வந்த உப்புத்தண்ணீர்ச் சொட்டுக் குப்பிகள் இருந்தன. குழாய் இல்லை.

"கிளென்!"

அவன் கொட்டகையிலிருந்து ஓடி வந்தான். நான் கையில் பிடித்திருந்த காலிப் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஜெனரேட்டர்ல பெட்ரோல் தீந்துபோச்சு நெரி. வண்டியிலேருந்து இழுக்கலாம்னு பாத்தா, எப்பவும் பெட்ரோல் இழுக்கற குழாய நாய் கடிச்சுக் குதறி வெச்சிருக்கு. இது வாய் வைக்கத் தோதா இருந்துச்சு, பஞ்ச எடுத்துட்டு..."

"கொண்டா. வெந்நீர்ல போட்டுக் கழுவலாம்."

கொண்டுவந்தான். ரப்பர் பெட்ரோலில் ஊறிப் போயிருந்தது. முகர்ந்த எனக்கே தலை சுற்றியது. இதையா என் பிள்ளையின் மூக்கில் வைப்பேன்? அவன் மேல் விட்டெறிந்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் எழுத முடியாது. ஹாமிஷ் என் தோளில் தலையைச் சாய்த்தான். கழுத்து துவண்டது. நான் பேசுவதை நிறுத்தினேன்.

"என்கிட்ட குடு" என்றான் கிளென். "ஆட்டுக்குட்டி பொறந்து மூச்சு வரலன்னா நான் வாயாலதான் உறிஞ்சி எடுப்பேன். நூறு தடவ பண்ணிருக்கேன். குடு நெரி."

கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். அவன் வாய் திறந்ததும் பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது. இழுத்தபோது ஒரு வாய் விழுங்கியிருக்கிறான், பாவி. ஹாமிஷின் முகம் சுருங்கியது. நான் பின்னால் நகர்ந்தேன்.

"தள்ளிப் போ! கிட்ட வராத!"

அவன் சுவர்வரை தள்ளிப் போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டான். நூறு ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்றியவன், தன் பிள்ளைக்கு நான்கடி தூரத்தில் நின்றான். வேறு ஆள் இல்லை. நான்தான்.

மேசையில் துண்டை விரித்துக் கிடத்தினேன். சொட்டு விட்டேன். பாதி அவன் கண்ணில் விழுந்தது.

"சொல்லு. எப்படிப் பண்ணணும்?"

"ஒரு ஓட்டய விரலால லேசா மூடு." கைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னொண்ணுல வாய் வை. கன்னத்தால இழு, நெஞ்சால இழுக்காத. மெதுவா. ரொம்ப மெதுவா."

இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. என் உதட்டின் கீழே அவன் முகம் சூடாக இருந்தது, மூச்சு வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன், கொன்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"வரல கிளென்!"

"வரும். இன்னொரு சொட்டு விட்டுட்டு இழு."

வந்தது. கெட்டியாக, வாய்க்குள் வந்து விழுந்தது. துண்டில் துப்பினேன். அடுத்த பக்கம். துப்பினேன். ஹாமிஷ் என் முகத்தில் ஓங்கித் தும்மினான். பிறகு ஒரு நொடி அசையாமல் கிடந்தான். அந்த நொடியை நான் இன்னும் தாண்டி வரவில்லை. அப்புறம் வீடே அதிரும்படி வீறிட்டான்.

மார்பில் போட்டேன். பிடித்தான். விடவில்லை. மூக்கு வழியாக உஸ் உஸ்ஸென்று காற்று போய்வர, ஆடு மேய்கிற மாதிரி விடாமல் குடித்தான். கிளென் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்தின கையை எடுக்காமலேயே அழுதான்.

நர்ஸ் திரும்பக் கூப்பிட்டு, அவன் குடிக்கும் சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, ஹெலிகாப்டர் வேறு யாருக்காவது போகட்டும் என்றாள். கிளென் பெட்ரோல் விழுங்கியதையும் விசாரித்து, அவன் இருமினால் உடனே சொல்லச் சொன்னாள். போனை வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. ரேலீன்.

"ஓட ஏறிடுச்சாமே. கொழந்த எப்படி இருக்கான்? அந்தக் குழாய பத்திரமா வெச்சிருக்கியா?"

"உப்பு" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு ருசி கேட்டேனே ரேலீன். உப்பு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, வந்தபிறகு நிற்கவில்லை. குடித்தபடியே தூங்கிவிட்ட ஹாமிஷ் என் சத்தத்தில் முழித்துக்கொண்டு, அவனும் வாயைப் பிளந்து அழ ஆரம்பித்தான். நான் போனைக் கீழே வைத்துவிட்டு, அழுதுகொண்டே அவன் மூக்கில் காதை வைத்தேன்.