கொடுக்காத பால்

எனக்கு வாய் ஜாஸ்தி. தையல் மெஷின் ஓடும்போதும் நான் பேசுறது தெருமுனை வரைக்கும் கேக்கும்னு என் மகன் கிண்டல் பண்ணுவான். அந்த வாயாலதான் இந்த வினையை இழுத்து வச்சுக்கிட்டேன்.

என் மகனும் என் அண்ணன் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் ஆசைப்பட்டாங்க. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கலை. பொண்ணோட அம்மா, அதான் என் அண்ணி, மவுத்தாகி மூணு வருஷம் ஆச்சு. தாயில்லாப் பொண்ணு அத்தை வீட்டுக்கே போனா நிம்மதிதானே. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு நாள் குறிக்க உக்காந்தோம். டீ ஆறுறதுக்குள்ள நான் வாயைத் திறந்துட்டேன்.

"இந்த நிக்காஹ் கூடாது. இவளுக்கு நான் பால் குடுத்திருக்கேன்."

ரெண்டு வயசுக்குள்ள ஒரு குழந்தை இன்னொருத்திகிட்ட அஞ்சு தடவை வயிறாரப் பால் குடிச்சா, எங்க மார்க்கத்துல அவளும் அதுக்குத் தாய், அவ பெத்ததெல்லாம் கூடப் பிறந்ததுங்க. ஹஜ்ரத் எத்தனை தடவைன்னு மெதுவா கேட்டாரு. அண்ணி காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு வாரம் பூரா குடுத்தேன்னேன். அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்கம்மான்னாரு. அல்லாஹ் மேல சத்தியமும் பண்ணிட்டேன். இத்தனை வருஷமா ஏன் சொல்லலைன்னு அண்ணன் கேட்டதுக்கு, இதுங்க இப்படி ஆசைப்படும்னு நான் கனவா கண்டேன்னு அவர் மேலேயே பாஞ்சேன். அடுப்படி வாசல்ல நின்ன பொண்ணு என்னையே பாத்துட்டு உள்ள போயிட்டா.

நடந்தது வேற. அவ பிறந்த பத்தாம் நாள் அண்ணிக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப் போச்சு. அதே வாரம் எனக்கு ரெண்டாவதா பிறந்த பொண்ணு அஞ்சே நாள்ல போய், அடக்கம் முடிஞ்சிருந்துச்சு. அப்ப ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்து அறை. அண்ணி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து, கத்துற குழந்தையை என் பக்கத்துல கிடத்தி, ஒரு வாய் குடுன்னு கெஞ்சினா. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன். என் குழந்தை மண்ணுக்குள்ள கிடக்கு, உன் குழந்தைக்கு என் பாலான்னு ஒரு ஆங்காரம். அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போனதும் எழுந்து போய், கட்டியிருந்த பாலைக் குளியலறைத் தரையில பீச்சி விட்டேன். பிள்ளை அழுறது சுவத்தைத் தாண்டிக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அண்ணி கடைசி வரைக்கும் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். பொண்ணு அந்த முகத்தை அப்படியே உரிச்சு வச்சிருக்கா. அவ மருமகளா வந்து தினமும் எனக்குச் சோறு போட்டா எப்படித் தொண்டையில இறங்கும்? அதான் பொய் சொன்னேன். வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

அடுத்த வாரமே அவ வந்து என்னை அம்மான்னு கூப்பிட்டா. எனக்கு உடம்பே கூசிப் போச்சு. தினமும் வந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக் குடுப்பா, ஊக்கு வச்சுத் தைப்பா, கால் வலின்னா தைலம் தேய்ச்சு விடுவா. என் மகன் பாவம், ரெண்டு மாசம் சரியா சாப்பிடாம கிடந்துட்டு, அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு தங்கச்சின்னு கூப்பிடப் பழகினான். ஒண்ணுதான் எனக்குப் புரியலை. கட்டிக்கிற முறை உள்ளவன் முன்னாடிதான் எங்கள்ல முக்காடு, கூடப் பிறந்தவன் முன்னாடி தேவையில்லை. ஆனா அவன் உள்ள வந்தா அவ முக்காட்டை இழுத்து விட்டுக்குவா. அண்ணனுக்கு முன்னாடி என்னடி முக்காடுன்னு ஒரு நாள் கேலி பண்ணினேன். பழக்கம்னு சொல்லிட்டுக் குனிஞ்சு தைச்சா.

இப்ப அவளுக்கு வேற இடம் அமைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை நிக்காஹ். புதன்கிழமை மத்தியானம் கல்யாண உடுப்பை அளவு பாக்க வந்தா. கையில ஒரு பை. பால் குடுத்த அம்மாவுக்குன்னு மாப்பிள்ளையோட தாயார் சேலை வாங்கிக் குடுத்திருந்தாங்க. நல்ல பட்டு. அதைத் தொட்டதும் நான் உடைஞ்சு போயிட்டேன்.

"நான் உனக்குப் பால் குடுக்கலைடி. உங்கம்மா கெஞ்சினா. நான் குடுக்கலை."

"தெரியும் அத்தை"ன்னா. அத்தைன்னு கூப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சு. அண்ணி கடைசியா படுத்திருந்தப்ப எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட அன்னிக்கு நான் போய்க் கேட்டிருக்கக் கூடாது, அத்தை மேல வருத்தப்படாதேன்னு சொன்னாளாம்.

அப்ப ஹஜ்ரத் முன்னாடி நீ ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு கேட்டேன். எனக்கே என் குரல் கேக்கலை.

"சத்தியம் பண்ணிப் பொய் சொல்ற அளவுக்கு உங்களுக்கு நான் வேண்டாதவ. அந்த வீட்டுக்கு நான் எப்படி அத்தை வாழ வருவேன்?"

அந்த நேரம் பாத்து மகன் பட்டன் பொட்டலத்தோட உள்ள வந்தான். அவ கை தானா முக்காட்டை இழுத்து விட்டுச்சு. பழக்கமாம்! இத்தனை மாசமா என் பொய்யைத் தெரிஞ்சுக்கிட்டேதான் என் காலைப் பிடிச்சு விட்டிருக்கா. எங்கயாவது ஓடி ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. தங்கச்சி உடுப்பு எப்படி வந்திருக்கும்மான்னு அவன் கேட்டான். வேண்டாம்னு அவ என்னைப் பாத்துத் தலையாட்டினா.

"அவ உன் தங்கச்சி இல்லைடா"ன்னேன்.

பொட்டலம் அவன் கையிலேயே இருந்துச்சு. அவன் என்னைப் பாக்கலை. அவ முக்காட்டையே பாத்துக்கிட்டு நின்னான்.