கண்ணாடி போல் ஊடுருவிப் பார்ப்பவர்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்தில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அமேசான் கரையிலுள்ள இக்கிதோஸ் நகரத்தில், ஆற்றோரக் காட்டு விடுதிகளுக்கு வைத்தியர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அயாவாஸ்கா என்ற காட்டுக்கொடிக் கஷாயம் குடிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எங்கோ குளிரில் உட்கார்ந்து அதைப் படித்துத்தான் வைத்தியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது, என் வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘அமேசானின் அடர்ந்த இருளில், ஆதிகாலம் தொட்டு—’

வேண்டாம். பழக்கதோஷம். இந்த வரியை ஏற்கெனவே ஒன்பது விடுதிகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

2

மறுபடி. செவ்வாய்க்கிழமை எல்மிராவின் விடுதிக்கு ஒரு கடிதம் வந்தது. எல்மிரா விடுதியின் முதலாளி. கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். எழுதியவர் கொலீன். கனடாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். கணவர் இறந்ததிலிருந்து மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம். சனிக்கிழமைப் படகில் வருகிறார். கடைசிப் பத்தி இது:

‘மாத்திரை பற்றி வைத்தியரிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். ஆனால் அவர் மனித உடம்பைக் கண்ணாடி போல் ஊடுருவிப் பார்ப்பவர் என்று உங்கள் இணையப் பக்கத்தில் படித்தேன். சொன்னால் அவரை அவமதித்தது போலாகிவிடுமோ?’

அந்தக் கண்ணாடி வரியை எழுதியவன் நான். ஒரு மழைநாளில், இடம் நிரப்ப எழுதினேன். மனச்சோர்வு மாத்திரையும் எங்கள் கொடிக் கஷாயமும் ஒரே உடம்பில் சந்தித்தால் உயிருக்கே ஆபத்து என்பது இந்த ஊரில் படகோட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதினேன், வாக்கியம் அழகாக இருந்தது.

(வாசகரே, இங்கே என் குற்ற உணர்ச்சி பற்றி ஒரு பக்கம் இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் கிழித்தேன்.)

3

எல்மிராவின் வைத்தியர் எர்மோஹெனஸ். எங்கள் ஊரில் வைத்தியரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். ‘உப்பும் பன்றிக்கறியும் தொட்டு இருபது வருடமாகிறது’ என்று அவரைப் பற்றி எழுதியிருந்தேன். பெலேன் சந்தையில், புகைபோட்ட பன்றிக்கறியும் மசித்த வாழைக்காயுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டின்மேல் இறகுக் கிரீடத்தைக் கவிழ்த்தார்.

“மறைக்காதீங்க வாத்தியாரே. நான் வாசகன் இல்ல.”

“வா, உக்காரு. நான் வெறுங்கையால விரட்டின சிறுத்தை எத்தனைன்னு எழுதினே? நேத்து ஒருத்தி கேட்டா. மூணுன்னேன்.”

“நாலு.”

“அடப்பாவி, ஒண்ணு காணாமப் போச்சா?”

வருகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதுண்டா என்றேன். முகம் மாறியது.

“எப்படிக் கேக்கறது? பாத்தாலே தெரியும்னு நீ எழுதி வச்சிருக்கே. ஒரு தடவை கேட்டேன். ‘என்ன வாத்தியாரே, உங்களுக்குத் தெரியலையா?’ன்னு சிரிச்சான். மறுநாள் வேற விடுதிக்குப் போயிட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கஷாயம் குடுத்துட்டு ஒவ்வொருத்தர் மூச்சையும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.” நெற்றியில் கிரீடம் அழுத்திய தழும்பைத் தேய்த்துக்கொண்டார். “அந்தக் கண்ணாடி வரியை எடுத்துடுப்பா. சிறுத்தை இருக்கட்டும்.”

இவரைப் போலி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கதைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் பாட்டெல்லாம் இவருக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதும்வரை இவர் படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர். பக்கத்துத் தெருக்காரர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தார், கேள்வி கேட்டுத்தான் பார்த்தார். கிரீடம் வைத்த இந்த எர்மோஹெனஸ் என் கற்பனை. அவர் அதற்குள் மாட்டிக்கொண்ட ஆள்.

4

‘அப்போதுதான் விதி என்னை லாஸ்தேனியாவிடம்—’

விதி ஒன்றுமில்லை. கேள்வி கேட்கிற வைத்தியர் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஷிபிபோ இனத்துப் பெண். மேல்நதிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே பள்ளிச் சீருடை தைக்கிறார். கால்பந்துச் சட்டை போட்டிருந்தார். இறகு ஒன்றுகூட இல்லை. (விவரணைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

“உக்காரு. என்ன மாத்திரை போடற?”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. விடுதிக்கு ஆள் தேடி வந்தேன்.”

“பிரஷருக்குப் போடறே.”

எனக்குப் புல்லரித்தது. கை தானாகவே எழுதத் தொடங்கியது: ‘ஒரே பார்வையில்—’

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“சட்டைப் பையில மாத்திரை அட்டை எட்டிப் பாக்குது. விழுந்துடப் போகுது, உள்ள தள்ளு.”

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தையல் இயந்திரம் நின்றது.

“இவங்களுக்குக் கஷாயம் கிடையாது. மாத்திரையை நிறுத்திட்டு வாங்கன்னும் நான் சொல்ல மாட்டேன். அதைக் குடுத்த டாக்டர் சொல்லணும். சும்மா வரட்டும். மீன் சுட்டுத் தரேன், பாட்டுப் பாடறேன், புருஷனைப் பத்திப் பேசட்டும்.”

“இப்படிப் பாத்தா பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிடுவீங்களே?”

“முக்கால்வாசி.”

தொழில் விடவில்லை. “உங்க பரம்பரை எத்தனை தலைமுறை?” என்றேன்.

“எனக்கு முன்னாடி எங்க அப்பா. அவருக்கு முன்னாடி யாருன்னு அவர் சொல்லல. வீட்டுல சண்டை.”

5

லாஸ்தேனியாவைச் சேர்க்கலாம் என்றதும், எல்மிரா படகுத்துறை அலுவலகத்தில் விசிறியின் முன் நின்று கத்தினார்.

“வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு வைத்தியரா? அதுக்கு ஒரு நாய் வளத்தாப் போதுமே!”

“கொலீன் செத்துப்போனா?”

“அபசகுனமாப் பேசாதே. இத்தனை வருஷத்துல யாரு செத்தா?”

“எர்மோஹெனஸ் மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காரு. தெரியுமா உங்களுக்கு?”

தெரியவில்லை. விசிறியை நிறுத்தினார்.

“அந்தக் கண்ணாடி வரிதான்யா நம்ம விடுதியே.”

“இன்னைக்கு அது போகுது. பக்கத்தோட கடவுச்சொல் என்கிட்டதான் இருக்கு. நீங்க என்னை வேலையை விட்டுத் தூக்கலாம், ஆனா வரி போகுது.”

என் வாழ்நாளில் நான் முற்றுப்புள்ளியோடு பேசிய ஒரே வாக்கியம் அது. எல்மிரா விசிறியை மறுபடி போட்டார்.

“சரி எழுத்தாளரே. ரெண்டு பேரையும் போடு. அந்தம்மாவே தேர்ந்தெடுக்கட்டும்.”

6

போட்டேன். எர்மோஹெனஸ்: ‘பாட்டுகள் தெரிந்தவர். பெயின்டர். உங்கள் உடம்புக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, கேட்பார்.’ (சிறுத்தை ஒன்றை விட்டுவைத்தேன்.*) லாஸ்தேனியா: ‘கேள்வி கேட்பார். பெரும்பாலும் வேண்டாம் என்பார்.’

எழுதியதிலேயே மோசமான குறிப்புகள் இவைதான். ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதாக இல்லை.

கொலீனுக்குத் தனியாகவும் எழுதினேன்: ‘அம்மா, அந்த வரி நான் இட்டுக்கட்டியது. மாத்திரை பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். கஷாயம் வேண்டாம்.’

* அது உண்மையில் பெரிய பூனையாக இருக்கலாம் என்று அவரே சொன்னார்.

7

இன்று வெள்ளி. பதில் வரவில்லை. விமானம் ஏறியிருப்பார்.

முடிவு ஒன்று: நாளைக் காலை படகுத்துறையில் கிரீடத்தோடு எர்மோஹெனசும், கழுத்தில் அளவு நாடாவோடு லாஸ்தேனியாவும் நிற்கிறார்கள். கொலீன் நேராக அளவு நாடாவிடம் போகிறார். சுட்ட மீன், பாட்டு, கண்ணீர். இதை மனதார விரும்புகிறேன், அதனாலேயே நம்பவில்லை.

முடிவு இரண்டு: என் கடிதத்தைப் படித்து ஏமாந்து, எல்லாம் தெரிந்த ஒரு வைத்தியரைத் தேடி வேறு விடுதிக்குப் போகிறார். அங்கேயும் அந்தக் கண்ணாடி வரி இருக்கிறது. அதையும் எழுதியவன் நான். அந்த ஒன்பது விடுதிகளிலும் இதே வரிதான், நான்கில் அழித்துவிட்டேன். மற்ற ஐந்து முதலாளிகள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். திங்கள் முதல் ஒவ்வொருவர் வாசலிலும் போய் உட்காரப்போகிறேன். அது கதை இல்லை, வேலை.

மூன்றாவது முடிவை என்னால் எழுத முடியாது, வாசகரே, அது உங்களுடையது. நீங்களும் ஒருநாள் எங்கோ உட்கார்ந்து ஒரு வைத்தியரைப் பற்றிப் படிப்பீர்கள். வாக்கியம் அழகாக இருக்கும். படகு ஏறுவீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால், கால்பந்துச் சட்டை போட்ட ஒரு பெண் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்வார்.

“உக்காருங்க. என்ன மாத்திரை போடறீங்க?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் சட்டைப் பை இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.