பாதித் திமிங்கலம்

கோக்-ஜார் என்கிற மலை ஊரில் தூங்கப்போகும் குழந்தைக்கு எந்தக் கதையைப் படிக்கிறார்களோ, அது மறுநாள் விடியும்போது முற்றத்தில் நிற்கும். அடுத்த கதையைப் படிக்கும்வரை இருக்கும், பிறகு போய்விடும். இது எப்போது தொடங்கியது என்பதில் ஊருக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. கூட்டுப்பண்ணையைக் கலைத்து ஆடுகளைப் பங்கு போட்ட வருஷம் என்பார்கள் சிலர். அதற்கும் முந்தி, கால்வாய் வெட்டிய வருஷமே என்று அடித்துச் சொல்வார்கள் வேறு சிலர். எப்படியோ, நாரின் நகரத்துச் சந்தைக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோகும் இந்த ஊர்ப் பெண்கள் மூட்டை காலியானதும் முதலில் தேடுவது படப் புத்தகக் கடையைத்தான். இந்தக் கரடி எவ்வளவு உயரம், வாசல் வழியாக நுழையுமா, நாயோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள். கடைக்காரர்களுக்கும் பழகிவிட்டது.

கதை வருவதற்கு இரண்டே நிபந்தனைகள். குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கக் கூடாது. செப்டம்பர் முதல் தேதி முதல் மணி அடித்ததுமே அந்தக் குழந்தைக்குக் கதை வருவது நின்றுவிடும். இன்னொன்று, குழந்தை அந்தக் கதையை மனதார விரும்பிக் கேட்டிருக்க வேண்டும். இங்கேதான் பலபேர் கோட்டை விட்டார்கள். டிராக்டர் ஓட்டும் ஒருவர் பேராசைப்பட்டு, முலாம்பழத் தோட்டத்துக் கதையையே வாரக்கணக்கில் மகனுக்குப் படித்தார். முதலில் வண்டி வண்டியாகப் பழம் வந்தது. பையனுக்குச் சலித்துப்போன அன்று தோல் மட்டும் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் கோழிக்குஞ்சின் கதையைத் தேடிப்பிடித்து வாங்கிவந்த இன்னொருவர் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு முட்டை கிடந்தது. அதுவும் கூமுட்டை.

ஆகவே புத்தகம் தேர்ந்தெடுப்பது அந்த ஊரில் விளையாட்டுக் காரியம் இல்லை. அதைச் செய்தவர் மைரம்கான். பழைய தந்தி அலுவலகத்தின் ஓர் அறையில் இருந்த குழந்தைகள் நூலகம் அவர் பொறுப்பில் இருந்தது. பெற்றோரிடம் அவர் எதுவும் கேட்கமாட்டார். கேட்டால் தங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம். குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து, கையில் ஒரு வறுத்த மாவுருண்டையைக் கொடுத்துவிட்டு, தன் வேலையைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். குழந்தை எதைக் கண்டு பயப்படுகிறது, எதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறது என்று கவனிப்பார். பிறகு எழுந்துபோய் ஒரு புத்தகத்தை உருவி எடுப்பார். அது தப்பியதே இல்லை. திக்கிப் பேசிய பையனுக்கு அவர் கொடுத்தது மௌனமாகவே ஊர்சுற்றும் ஆமையின் கதை. அது ஒரு மாதம் முற்றத்தில் இருந்து, அவன் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. இதில் அவருக்குக் கர்வம் இருந்தது. இருந்தால் என்ன, அந்த மலைப்பக்கத்தில் வேறு யாருக்கு அந்தக் கை வாய்த்தது? தெருவில் நடக்கும்போது தலை சற்று நிமிர்ந்தே இருக்கும்.

ஒரு மார்ச் மாதத்தில் ஷைர்குல் என்கிற இளம் தாய் தன் மகள் பெர்மெத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் ருஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறாள். அந்த ஊரில் பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் அப்படிப் போயிருந்தார்கள். அது செய்தியே இல்லை.

"அக்கா, நான் வர்றவரைக்கும் தாங்குற மாதிரி ஒரு புத்தகம் பாத்துக் குடுங்க," என்றாள்.

"எப்ப வருவ?"

"அது வேலை குடுக்குறவங்க கையில இருக்கு."

மைரம்கான் பெர்மெத்தைப் பார்த்தார். ஷைர்குல் காலணிச் சேற்றைத் தட்டிவிட்டு வருவதற்காக வாசலுக்கு வெளியே போனாள். அவள் கண்ணிலிருந்து மறைந்ததும் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டது. கன்னம் சிவந்தது, உதடு நீலமானது, ஆனால் அழவில்லை. அம்மா திரும்பி உள்ளே வந்த பிறகுதான் மூச்சை விட்டது. மைரம்கான் மேல் தட்டிலிருந்து திமிங்கலத்தின் கதையை எடுத்தார். கடலுக்கு அடியில் நெடுநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மேலே வந்து அதை விடுகிற மிருகம் அது. கடலைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் அந்த ஊரில் கிடையாது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

தவறு அதற்குப் பிறகு நடந்தது, அதையும் அந்த மலைநாட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். தூரப் பயணம் போகிறவர் ஒரு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போக, மீதியை வீட்டில் மாட்டிவைப்பது அங்கே வழக்கம். திரும்பி வந்து அவர்தான் அதைத் தின்ன வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஷைர்குல் ரொட்டியைக் கடித்து வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று படுக்கும்போது திமிங்கலக் கதையைப் பாதிவரை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, "மீதிய அம்மா வந்து படிப்பேன்" என்று சொல்லி அலமாரிமேல் வைத்துவிட்டாள். விடிவதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. விடிந்தபோது முற்றத்தில் திமிங்கலத்தின் முன்பாதி கிடந்தது.

தலை, வாய், இரண்டு கண், இரண்டு துடுப்பு. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெட்டுப்பட்ட மாதிரியும் இல்லை, ரத்தமும் இல்லை. சும்மா மூடுபனி மாதிரிக் கரைந்து முடிந்துபோயிருந்தது. உயிரோடு இருந்தது. நெடுநேரம் மூச்சே விடாமல் கிடக்கும். பிறகு புஸ்ஸென்று பீய்ச்சியடிக்கும், பக்கத்து வீட்டுக் கதிச்சாவின் கொடித் துணி முழுக்க நனையும். பெர்மெத்தின் அப்பா ஜோல்தோஷ் லாரி ஓட்டுகிறவர், சாது. காலையும் மாலையும் வாளி வாளியாகக் கால்வாய்த் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். ஊர்ப் பஞ்சாயத்தும் அந்த வீட்டுக்குக் கால்வாய்த் தண்ணீர் திறக்க ஒரு முறை கூடுதலாக ஒதுக்கியது.

மாதங்கள் போயின, பிறகு வருஷங்கள் போயின. ஷைர்குல் உறைந்த கொழுக்கட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் ஆலை ஒன்றில் இருந்தாள். ஆலைக்காரன் அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டான். அடுத்த மாதம் வருகிறேன், அடுத்த மாதம் வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெர்மெத் வேறு எந்தக் கதையையும் கேட்க மறுத்தாள். யாராவது அந்தப் புத்தகத்தின் மீதியைப் படிக்க எடுத்தால் காதைப் பொத்திக்கொள்வாள். அவளும் திமிங்கலமும் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். யார் முதலில் விடுவது என்பது அவர்களுக்குள் போட்டி. பெரும்பாலும் திமிங்கலம்தான் தோற்கும். அதைப் பார்க்க முடியாமல் ஜோல்தோஷ் வாளியை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போய்விடுவார்.

பள்ளிக்கூடத்துக்கு முந்திய கோடையில் திமிங்கலம் வற்றத் தொடங்கியது. தோல் வெடித்தது, கண் மங்கியது. பெர்மெத்துக்கு ஏழு வயதாகிவிட்டது, செப்டம்பரில் பள்ளிக்கூடம். பாதியில் நின்ற கதை முதல் மணி அடித்ததும் செத்துப்போகும் என்பது ஊருக்குத் தெரியும். கால்வாய்க்கு அக்கரையில் ஒரு வீட்டில் பாதி கேட்ட வாத்து ஒன்று அப்படித்தான் போயிருந்தது, அந்தப் பையன் அதன்பின் கதை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்துபோய்விடுவான். ஊர் வாய் மைரம்கானின் பக்கம் திரும்பியது.

"கடலே இல்லாத ஊருக்குக் கடல் மிருகமா? ஒரு ஆட்டுக்குட்டிக் கதையக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்று கதிச்சா ரொட்டி வரிசையில் நின்றுகொண்டு அவர் காதில் விழும்படியே கேட்டாள். "அந்த மீனு பீச்சியடிச்சே என் துணியெல்லாம் உப்புப் பூத்துப் போச்சு."

"அது மீன் இல்ல. குட்டி போட்டுப் பால் குடுக்கறது."

"அந்தப் பாதி அங்க இல்லியே அக்கா."

வரிசையே சிரித்தது. மைரம்கானுக்கு முகம் சுண்டிப்போனது. தான் தேர்ந்தெடுத்தது தப்பு என்று அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை மனதில் ஒரு கதை செத்துப்போய்க் கிடக்குமானால் இனி யாருக்கும் புத்தகம் எடுத்துக் கொடுப்பதில்லை, நூலகச் சாவியைப் பஞ்சாயத்தில் வைத்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் முடியும் சமயம் ஒரு சாயங்காலம் அவரே ஜோல்தோஷ் வீட்டுக்குப் போனார். அலமாரிமேலிருந்த புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். ஷைர்குலைப் போனில் கூப்பிடச் சொன்னார். புத்தகத்தில் இருப்பதைத் தான் மெல்லச் சொல்லச்சொல்ல அவள் தன் குரலில் திருப்பிச் சொல்லட்டும், தாய் முடித்ததாகவே ஆகும் என்பது திட்டம். போனைத் திமிங்கலத்தின் துடுப்புமேல் வைத்தார்கள். பெர்மெத் அதன் கண்ணோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். ஷைர்குல் ஆலை விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டாள். மைரம்கான் முதல் வரியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் அவள் பாட்டுக்குத் தொடங்கிவிட்டாள்.

"எங்க விட்டேன்? ஆங், அந்தத் திமிங்கலம் மேல வந்துச்சு. மேல வந்து பாத்தா தண்ணியே இல்ல. ஒரே புல்லு. சரி, நீந்த முடியாது, நடப்போம்னு நெனச்சுச்சு."

"அம்மா, திமிங்கலத்துக்குக் காலு இருக்கா?"

"முன்பாதியத்தானே பாத்திருக்க? பின்னாடி என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? நாலு காலு இருக்கு. நாலும் பின்னாடியே இருக்கு. நம்ம செவலைக் குதிர இருந்துச்சே, அதே மாதிரி குளம்பு."

புத்தகத்தில் அப்படி ஒரு எழுத்துகூடக் கிடையாது. புத்தகத்தில் திமிங்கலம் ஆழத்துக்குப் போய்த் தன் தாயைச் சேர்கிறது. நீலப் படம், அழகான படம், மைரம்கான் அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தையே எடுத்தார். திருத்துவதற்காக அவர் கையை உயர்த்தினார். அப்போது பெர்மெத்தைப் பார்த்தார். குழந்தை வாயைத் திறந்து, அந்த வீட்டில் ஒருவரும் கேட்டிராத அளவுக்கு நீளமாக, மூச்சை விட்டது. மைரம்கான் கையை இறக்கிக்கொண்டார். புத்தகத்தை மூடினார். வாழ்நாளில் அவர் செய்த ஆகச் சிறந்த தேர்வு அதுதான் என்று பிற்பாடு அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், தன்னடக்கம் என்பது அவருக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு.

ஷைர்குல் சொல்லிக்கொண்டே போனாள். திமிங்கலம் நடந்து நடந்து கஜகஸ்தானைத் தாண்டியது, ஒரு பெரிய ஊரில் கொழுக்கட்டை ஆலையின் வாசலில் போய் நின்றது, உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டது, ஏறு என்று முதுகைக் காட்டியது. பிறகு அவளைக் கொண்டுவந்து வீட்டில் விட்டது. அவ்வளவுதான், தூங்கு.

மறுநாள் காலை திமிங்கலம் முழுசாக நின்றது. முன்னால் கருநீலம், பின்னால் செவலை. வால் இருந்த இடத்தில் நல்ல அடர்த்தியான குதிரை வால். நான்கு குளம்பும் பின்னால் இருந்ததால் தலையை நெடுநேரம் தூக்கிப் பிடிக்க முடியாமல் அடிக்கடி துடுப்பை ஊன்றி இளைப்பாறிக்கொண்டது. ஜோல்தோஷ் வாசல் கம்பத்தைப் பிடுங்கி வழிவிட்டார். அது வடக்கே போகும் சாலையில் ஏறியது. கதிச்சா துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அது போய்விட்டதைப் பார்த்ததும் ஏனோ தாங்கமுடியாமல் அழுதாள்.

பள்ளிக்கூட மணி அடித்தது. பெர்மெத் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு போனாள். முடிந்த கதையை மணி ஒன்றும் செய்யாது. இலையுதிர்காலம் போனது, பனிக்காலம் வந்து சாலையை மூடியது, திமிங்கலத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஷைர்குலின் போனும் அணைந்து கிடந்தது. ஊர் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியது. மைரம்கான் மட்டும் தலையை இறக்கவில்லை. வாரம் ஒருமுறை பெர்மெத்தைப் பார்க்கப் போவார். அவள் கொட்டாவி விட்டபடி பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், சீராக மூச்சு விட்டுக்கொண்டு.

பனி உருகியபின் ஒரு மத்தியானம் ஷைர்குல் திமிங்கலத்தின்மேல் உட்கார்ந்து ஊருக்குள் வந்தாள். மெலிந்து கறுத்திருந்தாள். எல்லைகளில் யாரும் அவளிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லையாம். திமிங்கலத்தின்மேல் வருகிறவர்களை என்ன செய்வது என்று விதியில் எதுவும் சொல்லப்படவில்லை, அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். பெர்மெத் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, தொடக்கூடத் துணியாமல் முன்னால் நின்றாள்.

"ஏம்மா இவ்ளோ நாளு?"

"கதையில கஜகஸ்தானை ஒரே வரியில தாண்டிட்டேன்டி," என்றாள் ஷைர்குல், இறங்கி அவளை வாரி அணைத்துக்கொண்டு. "அது எவ்ளோ பெருசுன்னு எனக்கென்ன தெரியும்?"

அந்த வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் திமிங்கலத்தைக் குதிரைகளோடு சேர்த்துவிட்டார்கள், பின்பாதியை வைத்து. அது கால்வாய்க் கரையில் மற்ற குதிரைகளோடு மேய்கிறது. ருஷ்யாவிலிருக்கும் மற்ற தாய்மார்கள் இப்போது சாயங்காலங்களில் போன் செய்து தாங்களே கதை சொல்கிறார்கள். சாலையில் புதிய குளம்புத் தடங்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. சென்ற வாரம் ஓர் இளம் தாய் நூலகத்தில் அந்தத் திமிங்கலப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டு, முடிவு வேறாக இருக்கிறதே, இதில் குளம்பு எதுவும் காணோமே என்று மைரம்கானைக் கேட்டாள்.

"ஆமா," என்றார் மைரம்கான், மாவுருண்டைத் தட்டை அவள் குழந்தையின் பக்கம் நகர்த்தியபடி. "புத்தகத்துல தப்பாப் போட்டிருக்கான்."