பத்தரைக்குள் மூடிய பெட்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு ஒரு சன்னலோர இருக்கையே காரணம். 1996இல், பெருந்துறையிலிருந்து கோபிக்கு விடப்பட்ட புதிய தனியார் பேருந்தில், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறி அமர்ந்துவிட்டேன். ஆசிரியராக முப்பத்திரண்டு ஆண்டுகள் முதல் மணிக்கு முன்பே போய் நின்றவனுக்கு வேறு பழக்கமில்லை.

2

முதலில் நீதிக்கதையாகத் தொடங்கினேன்: ‘ஒரு யானையை அறைக்குள் பூட்டி, சுவரில் ஒரு குழாயை மட்டும் வைத்தார்கள். யானை அழுதாலும் வெளியே…’

[நிறுத்திவிட்டேன். யானையை ஏன் பூட்டினார்கள் என்று வாசகர் கேட்பார்.]

3

ஆகவே உள்ளபடி சொல்கிறேன். டெய்சி என்ற பெண்மணி அந்தப் பேருந்துக்குள் கனத்த ஒலி எழுப்பும் பாஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். சாதாரணப் பெட்டியில் ஸ்பீக்கரின் முகம் வெளியே தெரியும். இதிலோ அது பெட்டியை இரண்டு அறைகளாகப் பிரிக்கும் நடுத்தடுப்பில் ஒளிந்திருக்கும். பின்னறைக்கு வழியே கிடையாது. முன்னறையிலிருந்து ஒரு பிவிசி குழாய் மட்டும் வெளியே வரும். அதன் வழியே கனத்த ஒலி மட்டுமே வெளியேறும். உள்ளே ஸ்பீக்கர் கரகரத்தாலும் நமக்குக் கேட்காது. (இந்த வரியை மூன்று முறை அடித்து, மூன்று முறை திரும்ப எழுதினேன்.)

டெய்சி வழக்கமாக மூடியைத் திருகி மட்டும் வைத்து, ஒரு மணி நேரம் பாடவிட்டுப் பார்ப்பார். பிறகுதான் பசை. அன்று பேருந்து உரிமையாளர் காளிச்சாமி கடிகாரத்தைக் காட்டினார்.

“அம்மணி, பத்தரையோட நல்ல நேரம் முடியுதுங்க. ஒட்டிப்போடுங்க.”

“பாடவுட்டுப் பாக்காம ஒட்டக்கூடாதுங்ண்ணா. எனக்கு இந்த நேரம் காலத்துலெல்லாம் நம்பிக்கையும் இல்லீங்க.”

“உங்களுக்கு இல்லீன்னா பரவால்லீங்க. பஸ்ஸுக்கு இருக்குதுங்க.”

பத்து இருபத்தெட்டுக்குப் பெட்டி ஒட்டப்பட்டது.

4

பாட்டை ஓடவிட்டு, வெளியே நீண்டிருந்த குழாயை அரையங்குலம் அரையங்குலமாக இருமுறை அறுத்ததும் சுதி சேர்ந்தது. அதிர்வில் என் மூக்குக் கண்ணாடி தானாக இறங்கியது. காளிச்சாமி பூரித்துப்போனார்.

“எம்பட மத்த மூணு வண்டிக்கும் நீங்கதானுங்க!”

அந்த மூன்று வண்டிகளும் கிடைத்தால் டெய்சி தம் பெயரிலேயே கடை திறக்கலாம். அவர் புன்னகைத்தபடி குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். புன்னகை நின்றது. மூக்கைக் கொண்டுபோனார்.

“அண்ணா, பாட்டை நிறுத்துங்க. உள்ள ஸ்பீக்கரோட காயில் கம்பி உரசிக் கருகுது. அறுத்துத் தொறக்கோணும்.”

“சத்தம் ஜம்முனு இருக்குதுங்களே!”

“கருகி முடியற வரைக்கும் ஜம்முனுதானுங்க இருக்கும். எங்கிட்ட வேற ஸ்பீக்கர் இல்லீங்க.”

“நல்ல நேரத்துல ஒட்டுனதை அறுத்தா வண்டிக்கு ஆகாதுங்க. அப்பறம் அந்த மூணு வண்டியை மறந்துருங்க.”

5

முதல் முடிவு: டெய்சி அறுக்கிறார், கழன்ற திருகு கிடைக்கிறது, காளிச்சாமி மன்னிப்புக் கேட்கிறார். இது வகுப்பறைக்குரிய முடிவு. காளிச்சாமியை எனக்குத் தெரியும், மன்னிப்புக் கேட்கமாட்டார்.

இரண்டாம் முடிவு: டெய்சி வாய் திறப்பதில்லை, வழியிலுள்ள குன்னத்தூர் வருமுன் பேருந்து ஊமையாகிறது, பழி அவர்மேல்…

[இதை முடிக்க மனம் வரவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். காளிச்சாமி சற்று இறங்கிவந்தார். “சரிங்க அம்மணி. பிரயாணிக யாராச்சும் ஒருத்தரு மோந்து பாத்துக் கருகுதுன்னு சொல்லட்டும். அறுத்துக்குங்க.”

டெய்சி ரம்பத்துடன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, ஒருத்தர் வாங்க.”

இருபது பேர் இருந்தோம். பாட்டு நன்றாக இருந்தது. யாரும் எழவில்லை, நானும் எழவில்லை. எழாதவன் முடிவு எழுதுவது முறையன்று.

இப்போது பேருந்தில் உங்களையும் சேர்த்து இருபத்தொரு பேர். குழாயின் வாய் இரண்டாம் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. நடைபாதையில் மூட்டை ஏதுமில்லை, தாராளமாகப் போகலாம்.